முந்திக்கொள்கிற ஆள்

அவன் பெயரை நான் சொல்ல மாட்டேன். மறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். படகில் இருந்த காலம் முழுக்க என் வீட்டுக்காரர் வாயில் ஓயாமல் புழங்கிய பெயர் அது. எழுந்ததும் அந்தப் பெயர், சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பெயர், தூக்கத்தில் புரண்டு படுத்தாலும் அந்தப் பெயர். அதில் கால்வாசி தடவை என் பெயரைக் கூப்பிட்டிருந்தால் நான் பூரித்துப் போயிருப்பேன். என்னை 'இன்னாமே' என்பார், அதோடு சரி. ஆகையால் நான் சொல்கிற இடத்திலாவது அந்தப் பெயர் வேண்டாம். அந்த ஆள் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பக்கிங்காம் கால்வாயில் நாங்கள் ஓட்டியது சென்னை விறகு வியாபாரி ஒருவருடைய படகு. வடக்கே சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு வந்து சென்னை பேசின் பிரிட்ஜில் இறக்குவோம். திரும்பி வரும்போது கிடைத்த சரக்கை ஏற்றிக்கொள்வோம். என் வீட்டுக்காரர்தான் படகுக்குப் பொறுப்பு; தண்டல் என்பார்கள். அந்த ஆள் சுக்கான் பிடிப்பான்; உறவு ஒன்றும் இல்லை, அவரை அண்ணா என்று கூப்பிடுவான். கயிறு கட்டி இழுக்க ஆள் வேண்டுமானால் வழியில் கூலிக்குப் பிடித்துக்கொள்வோம். மற்றபடி கல்யாணத்துக்கு முன்னால் படகில் அவர்கள் இரண்டு பேர். நான் போன பிறகு மூன்று பேர். கரையில் வீடு என்று எங்களுக்கு எதுவும் கிடையாது. சமைப்பது, படுப்பது, சண்டை போடுவது எல்லாம் தண்ணீர் மேல்தான்.

நான் நகரிக்காரி. தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். கல்யாணம் முடிந்து தடாவில் ரயிலை விட்டு இறங்கி, படகில் கால் வைத்த அன்றைக்கே அந்த ஆள் என்னை முந்திக்கொண்டான். படகின் பின்பக்கம் ஓலை வேய்ந்த கூண்டு ஒன்று உண்டு, இரண்டு பேர் படுக்கலாம். அதுவரை அவர்கள் இருவரும் படுத்த இடம். நான் வருகிறேன் என்று அதைத் தேய்த்துக் கழுவி, புதுப் பாய் விரித்து, ஆணி அடித்துக் கண்ணாடி மாட்டி, மஞ்சள் குங்குமம் வைக்க ஒரு சின்னப் பலகையும் பொருத்தி வைத்திருந்தான். தன் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்பக்கம் போய்க் கட்டை அடுக்கின் மேல் தார்ப்பாய் விரித்துக்கொண்டான். "ஏதாச்சும் கொறை இருந்தா சொல்லுங்க அண்ணி" என்றான்.

என்ன குறை சொல்வது? ஒரு பெண் முதல் முதலாகக் குடித்தனம் வைக்க வருகிறாள். ஆணி எங்கே அடிப்பது என்பதைக் கூட அவளுக்கு மிச்சம் வைக்காமல் ஒருவன் முடித்து வைத்திருந்தால் அவள் எதைத்தான் செய்வாள்? என் வீட்டுக்காரர் வேறு, பார்த்தாயா எப்படிச் செய்திருக்கிறான் என்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். கால்வாயில் தண்ணீர் மட்டத்தைச் சரிபண்ணிப் படகை விடுகிற கதவுக்கு லாக் என்று பெயர். அங்கே படகுகள் வரிசையில் காத்து நிற்கும், பெண்கள் கூடிப் பேசுவார்கள். எந்த லாக்கில் நின்றாலும் இதே பேச்சு. கூண்டையே விட்டுக் கொடுத்துவிட்டானாமே, கூடப் பிறந்தவன் கூடச் செய்ய மாட்டானே என்று. அந்தக் கூண்டில் படுத்தால் எனக்குத் தூக்கம் வருமா?

அவன் சுபாவமே அதுதான். யாருக்கு எது வேண்டுமோ, அவர்கள் வாய் திறப்பதற்குள் அது அவன் கையில் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு விடியற்காலையில் இருமல் வரும். நான் எழுந்து அடுப்பு மூட்டுவதற்குள் முன்பக்கத்திலிருந்து சுக்குத் தண்ணீர் வந்துவிடும். நாளைக்கு இவனுக்கு முன்னால் எழுந்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு படுப்பேன். எழுந்து பார்த்தால் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த ஆள் தூங்குவானா மாட்டானா என்றே எனக்குச் சந்தேகம்.

பழவேற்காட்டில் மடவை மீன் வாங்குவோம். நடுத்துண்டு அவருக்குப் பிடிக்கும். நான் குழம்பை இறக்கி, அவர் தட்டில் நடுத்துண்டை வைக்க வேண்டும் என்று கரண்டியை எடுத்தால், அவன் தன் தட்டில் விழுந்த நடுத்துண்டையும் எடுத்து அவர் சோற்றில் வைத்துவிடுவான். "எனக்கின்னா, வால் இருந்தா போதும்" என்பான். எதற்கெடுத்தாலும் 'எனக்கின்னா'தான். நிழலை விட்டுக் கொடுத்தால் எனக்கின்னா, காய்ந்த போர்வையைக் கொடுத்துவிட்டு ஈரத்தில் படுத்தால் எனக்கின்னா. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு நாக்கில் உப்பு அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும்.

ஒரு தடவை அவர் சட்டை தோள்பட்டையில் கிழிந்துவிட்டது. எனக்கு வாயெல்லாம் பல். தையல் எனக்கு நன்றாக வரும். நூலுக்கு நிறம் பொருந்த வேண்டும் என்று எண்ணூர் சந்தை வரும் வரை காத்திருந்து வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், அந்த ஆள் பாய்மரத் துணி தைக்கிற ஊசியால், சாக்கு தைக்கிற மாதிரி தைத்து முடித்திருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. என் வீட்டுக்காரர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பேசின் பிரிட்ஜ் முழுக்க நடந்தார். தையல் பலமாக இருக்கிறது என்று கண்டவனிடமெல்லாம் தோளைக் காட்டினார். என் நூலை நான் கால்வாயில் வீசி எறிந்தேன்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். பூ விஷயம்தான் எனக்கு ஆறவே இல்லை. கல்யாணமான புதிதிலிருந்து என் வீட்டுக்காரர் வாரத்தில் ஒரு நாளாவது மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வருவார். பேச்சு இல்லாத மனுஷர், கொஞ்சத் தெரியாது, ஆனால் பூ மட்டும் தவறாது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன். ஒரு நாள் எண்ணூர் லாக்கில் பூக்காரி என்னைப் பார்த்துச் சிரித்து, உன் கொழுந்தனார் மாதிரி யாருக்கு அமையும், மழையானாலும் வெயிலானாலும் வந்து வாங்கி, உன் புருஷன் கையில் கொடுத்து 'அண்ணிக்குக் குடுண்ணா' என்று சொல்லிவிட்டுப் போகிறாரே என்றாள். என் தலையில் அன்றைக்கும் அந்தப் பூதான் இருந்தது. பிய்த்து எறியவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அன்று இரவு அவரிடம் கேட்டதற்கு, "அவன் ஞாபகப்படுத்தறான், நான் குடுக்கறேன், அதுக்கின்னா இப்போ" என்றார். அவருக்கு அது புரியவே இல்லை.

கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாகப் போயிருக்கும். குடிப்பவனாக, திருடுபவனாக, என்னைத் தப்பாகப் பார்க்கிறவனாக இருந்திருந்தால் ஒரே நாளில் விரட்டி அடித்திருப்பேன். அப்படி ஒரு சின்னப் புள்ளி கூடக் கிடையாது. அண்ணி என்ற சொல்லைத் தாண்டி ஒரு வார்த்தை பேச மாட்டான். நான் முகத்தைச் சுளித்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான். நான்தான் கத்துவேன், நான்தான் பாத்திரத்தை டமார் என்று வைப்பேன். பார்க்கிறவர்களுக்கு நான் ராட்சசி, அவன் சாது.

ஒரு கோடையில் எனக்கு அம்மை போட்டது. படகு சூளூர்ப்பேட்டைப் பக்கம் நின்றிருந்தது. அம்மை கண்டவளைக் கரையில் எந்த ஊரும் சேர்க்காது, ஆகையால் படகிலேயே வேப்பிலையில் கிடந்தேன். எனக்கு எதுவும் நினைவில்லை. விழித்துப் பார்த்தபோது முகமெல்லாம் தழும்பு, என் வீட்டுக்காரர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார், அந்த ஆள் எனக்குப் பதநீர் தேடிக் கரையேறியிருந்தான். அதற்குப் பிறகு அவன் ஒன்று மட்டும் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தான். திருப்பதி கங்கம்மாவுக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது, ஜாத்திரைத் திருவிழாவுக்குப் போய்த் தீர்க்க வேண்டும் என்று. என்ன வேண்டுதல் என்று அவர் கேட்டாலும் சொல்ல மாட்டான். திருப்பதி அவன் பிறந்த ஊர். அங்கே அவனுக்கு யாரும் மிச்சமில்லை, அந்த அம்மனைத் தவிர.

மறு வருஷம் கோடையில் என் அண்ணன் நகரியிலிருந்து தடாவுக்கே தேடிக்கொண்டு வந்தான். நூல் கடை ஒன்றில் நம்பிக்கையான ஆள் கேட்கிறார்கள், கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு, நான் சொல்லி வைத்திருக்கிறேன் என்றான். வேறு ஆள் பார்ப்பதற்குள் வந்துவிடுங்கள், சும்மா விட்டு வைக்க மாட்டார்கள் என்றான். எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆந்திரா தனி ராஜ்யமாகிவிட்டது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டிருந்தார்கள். கால்வாய் பாதி ஒரு ராஜ்யம், பாதி இன்னொரு ராஜ்யம். நடுவில் சோதனைச் சாவடி வைத்து ஏற்றின கட்டையைத் திரும்பத் திரும்பக் கிளறினார்கள். அதற்குள் லாரிக்காரர்கள் சரக்கை அள்ளிக்கொண்டு போனார்கள். படகை நம்பி இனிமேல் உட்கார்ந்திருக்காதே என்று அண்ணன் என் வீட்டுக்காரரிடம் சொன்னான். நகரி எந்த ராஜ்யத்தில் இருக்கும் என்று உனக்கே தெரியாது, நீ எனக்கு வீடு தருகிறாயா என்று இவர் கேலி பண்ணினார். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. "அவனை ஒரு வார்த்தை கேட்டுக்கினு சொல்றேன்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் கட்டின பெண்டாட்டி. நான் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதற்கு அவன் உத்தரவு வேண்டுமா? ஆனால் ஒன்று நடந்தது. தடா பக்கத்து லாக்கில் கதவு பழுதாகி, படகுகளெல்லாம் அங்கங்கே கட்டிப் போட்டு நின்றுவிட்டன. வேலை இல்லை. கங்கம்மா ஜாத்திரையும் வந்துவிட்டது. அந்த ஆள் வேண்டுதலைத் தீர்க்கக் கிளம்பினான். பக்கத்துப் படகு அக்காவும் அவள் புருஷனும், சும்மா கிடப்பதற்கு நாங்களும் வருகிறோம் என்று சேர்ந்துகொண்டார்கள். நான் என் துணிமணி, பாத்திரம் எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது ரேணிகுண்டாவில் வண்டி மாறினால் நகரி. மாறாமல் உட்கார்ந்திருந்தால் கூடூர், அங்கிருந்து தடா, படகு. முடிவை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

ரயிலில் எனக்கு ஒரே யோசனைதான். இவன் அம்மனிடம் என்ன வேண்டியிருப்பான்? என் வீட்டுக்காரர் படகை விட்டு இறங்கக் கூடாது என்றுதான் வேண்டியிருப்பான், வேறு என்ன? சாமியையும் என்னை முந்திக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டான். சரி, நானும் அதே அம்மனிடம் வேண்டிக்கொள்வேன், யார் பேச்சைக் கேட்கிறாள் பார்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் சீட்டில் இரண்டு பேர் திருத்தணி யாருக்கு என்று தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிச் சண்டை போட்டார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்கள். அவருக்குப் பதிலாக அந்த ஆள்தான், நாங்கள் தண்ணீரில் இருக்கிறவர்கள், எங்களை விட்டுவிடுங்கள் என்று சிரித்தான். அவருக்குப் பதில் சொல்லவும் அவன்தான்.

காலையில் திருப்பதியில் இறங்கினோம். வருஷக்கணக்காகத் தண்ணீர் மேல் இருந்துவிட்டு நாள் முழுக்க ஒரு வேலையும் இல்லாமல் கெட்டித் தரையில் நடப்பது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கபில தீர்த்தத்தில் குளித்தோம். கோடையில் அருவி மெலிந்திருந்தது, இருந்தாலும் என் வீட்டுக்காரர் அதன் அடியில் பிள்ளை மாதிரி குதித்தார். அவர் முதுகை யார் தேய்த்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குளித்து முடித்து ஓட்டலில் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டோம். அக்காவும் நானும் வளையல் போட்டுக்கொண்டோம். ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு கடைத்தெருவில் மெதுவாக நடந்தார்கள். எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லை, படகு கரை தட்டுமோ என்ற கவலை இல்லை. தர்ப்பூசணிக் கீற்றைத் தின்றுகொண்டு அவர் என்னைப் பார்த்து, "கரை நல்லாத்தான் இருக்குதுமே" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நகரி வீட்டில் தண்ணீர்ப் பானையை எந்த மூலையில் வைப்பது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்தேன்.

அந்த ஆள் அதற்குள் காணாமல் போயிருந்தான். வேண்டுதலுக்குப் போயிருக்கிறான் என்றார் அவர்.

கங்கம்மா கோயில் தெருவுக்குள் நுழைந்ததும் எனக்குப் பகீர் என்றது. ஆண்கள் உடம்பெல்லாம் குங்குமம் அப்பிக்கொண்டு, முகத்தில் கரும்புள்ளி வைத்து, இடுப்பில் வேப்பிலை கட்டி, கழுத்தில் மாலையோடு வருகிறார்கள். வந்து, எதிரில் நிற்கிறவர்களைக் கெட்ட கெட்ட வார்த்தையால் திட்டுகிறார்கள். கடைக்காரர், பெரிய மனிதர், போலீஸ்காரர், கிழவி, ஒருவரும் மிச்சமில்லை. திட்டு வாங்கினவர்கள் கோபித்துக்கொள்ளாமல் கும்பிடுகிறார்கள். நான் அக்கா பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்து, இந்த ஜாத்திரையில் வேஷம் கட்டினவன் யாரை வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் அதை மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது, அம்மனே திட்டுகிற மாதிரி, வாங்கிக்கொண்டால் நோய்நொடி அண்டாது என்று விளக்கினாள். வெயில் தாளாமல் என் வீட்டுக்காரரும் அவள் புருஷனும் சோடா குடிக்கப் போயிருந்தார்கள்.

அப்போது ஒரு குங்கும வேஷம் எங்கள் முன்னால் வந்து நின்றது. அடையாளமே தெரியவில்லை. கண்ணைப் பார்த்துத்தான் அந்த ஆள் என்று கண்டுபிடித்தேன். முதலில் அக்காவை இரண்டு வார்த்தை திட்டினான். அவள் சிரித்துக்கொண்டே கும்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினான். வருஷக்கணக்காக அண்ணி என்பதைத் தவிர வேறொன்று சொல்லாத அந்த வாயிலிருந்து வந்ததை நான் சொல்ல மாட்டேன். பாதி தெலுங்கு, பாதி தமிழ். என்னைப் பெற்றவளையும் விடவில்லை. கும்பிட வேண்டும் என்று கையைத் தூக்கினேன். அவன் இன்னும் கிட்டத்தில் வந்து, குரலைத் தாழ்த்தாமல், அதே கத்தலில் சொன்னான்.

"படகுல ரெண்டு பேர் நிம்மதியா இருந்தோம். நீ எங்கிருந்துடி வந்து குந்திக்கினே? அவர் என் பக்கத்துல படுத்துக்கினு கதை சொல்லுவாரு. நீ வந்த நாள்லேருந்து சொல்றதில்ல. உனக்கு அம்மை போட்டுச்சே, நீ போயிட்டா தேவலைன்னு நெனச்சேன். ஆமாண்டி, நெனச்சேன். ஆனா அவர் சோறு துன்னலை. தண்ணியப் பாத்துக்கினே குந்திக்கினு இருந்தாரு. நான் பிசைஞ்சு வாய்கிட்ட கொண்டு போனாலும் வேணாம்னுட்டாரு. நான் குடுத்து அவர் வேணாம்னது அது ஒண்ணுதான். அப்புறம்தான் அம்மாகிட்ட கேட்டேன், இவளை எழுப்பி வுடு, நான் வேஷம் கட்டிக்கினு வரேன்னு. உனக்கோசரம் இல்லடி. அவருக்கோசரம்."

மூச்சு வாங்கினான். குங்குமம் வேர்வையில் வழிந்தது.

"அவரைக் கூட்டிக்கினு போ. நகரிக்கே கூட்டிக்கினு போ. நான் சொல்லிக்கறேன் அவர்கிட்ட."

சொல்லிவிட்டு அடுத்த ஆளைத் திட்டப் போய்விட்டான். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உன் கொழுந்தனுக்கு வாயே இல்லை என்று நினைத்தேன், வேஷத்துக்கு எவ்வளவு பொருத்தமாகத் திட்டுகிறான் பார் என்றாள். அவள் அதையும் திட்டோடு திட்டாக எடுத்துக்கொண்டாள். நான் கும்பிடத் தூக்கின கையை இறக்காமல் அப்படியே நின்றேன்.

எனக்காக என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் கிடந்தார். அதை அவர் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. கல்யாணமானதிலிருந்து நான் கேட்க ஏங்கினது அதுதான், அதையும் இவன் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது. நான் உயிரோடு இருப்பதும் இவன் வேண்டிக்கொண்டதால். மற்றவர்களாக இருந்தால் அந்த இடத்தில் நன்றி சொல்லிக் காலில் விழுந்திருப்பார்கள். எனக்கு வந்தது பொறாமை. அப்படி ஒரு பொறாமை எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. அவனுக்கு அம்மை போட்டு, என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் கிடந்திருந்தால், அவனை எழுப்பிவிடு தாயே என்று நான் கேட்டிருப்பேனா? யோசித்துப் பார்த்தேன். கேட்டிருக்க மாட்டேன். அவர் மேல் வைத்த பிரியத்தில் இவன் என்னைவிட ஒரு கை மேலே என்று, அந்தத் தெருவில், அத்தனை கூட்டத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்தான். காது மடலில் மட்டும் குங்குமம் போகவில்லை. மறுபடியும் அதே சாது, அதே அண்ணி. ஸ்டேஷன் எதிரில் மரத்தடியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். சொன்ன மாதிரியே ஆரம்பித்தான். கட்டைக்கு லாரி வந்துவிட்டது, கால்வாயை நம்பிப் பிரயோஜனமில்லை, நூல் கடை வேலை நல்ல வேலை, அண்ணிக்கும் ஊர் பக்கம், நகரிக்கே போய்விடுங்கள் என்றான். என் வீட்டுக்காரர் சோற்றை அளைந்துகொண்டே இருந்தார்.

"நீ தனியா இன்னாடா பண்ணுவே?"

"எனக்கின்னாண்ணா. சுக்கான் பிடிக்கறவனுக்கா வேலை இல்ல" என்றான்.

அவர் கண் கலங்கிவிட்டது. சரி என்று தலையை ஆட்டினார். அக்காவும் அவள் புருஷனும் மலைக்குப் போய்விட்டு மறுநாள் வருவதாகத் தங்கிவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் வண்டி ஏறினோம். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. வீடு, தரை, தறிச் சத்தம், புருஷன் எனக்கு மட்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கண்ணில் தெரிந்தது வேறு. நகரி வீட்டில் அவர் சாப்பிட உட்காருவார். மீன் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவார். என்ன யோசனை என்று கேட்டால், எனக்காக அவன் படகிலேயே தங்கிவிட்டானே என்பார். அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் அவன் கொடுத்த நாளாக இருக்கும், நான் சம்பாதித்த நாளாக ஒன்று கூட இருக்காது. பக்கத்தில் இருக்கிறவனோடு மல்லுக்கு நிற்கலாம். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டவனோடு எப்படி நிற்பது?

ரேணிகுண்டாவில் வண்டி நின்றது. வெளிச்சம் இன்னும் இருந்தது. அந்த ஆள்தான் முதலில் எழுந்தான். என் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு குதித்து, பிளாட்பாரத்தில் வைத்துவிட்டு, அவர் இறங்கக் கையை நீட்டினான். அவர் எழுந்தார். நகரி வண்டி அந்தப் பக்கம் நிற்கிறது என்று யாரோ சொன்னார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"இன்னாமே, இறங்கு."

"பெட்டிய மேல ஏத்தச் சொல்லுங்க. நகரிக்குப் போவலை. படகுக்கே போலாம்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்கண்ணன் காத்துக்கினு இருப்பானே என்றார். காத்துக்கொண்டு இருக்கட்டும் என்றேன். நூல் கடையில் வேறு ஆளை வைத்துவிடுவார்களே என்றார். வைக்கட்டும் என்றேன். நிஜமாகத்தான் சொல்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகத்தில் வந்த சிரிப்பை என் கண்ணால் பார்த்தேன். அந்தச் சிரிப்பு அன்றைக்கு நான் கொடுத்தது. வேறு யாரும் கொடுத்ததில்லை.

அந்த ஆள் பிளாட்பாரத்தில் பெட்டிப் பக்கத்தில் நின்றிருந்தான். என் வீட்டுக்காரர் படகுக்கே வருகிறார், தனியாகக் கிடக்க வேண்டியதில்லை, அவன் சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். உடம்பில் வேஷம் இல்லை, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

"இது ஒண்ணையாவது நான் குடுத்ததா வுட மாட்டியா நீ?" என்றான்.

"மாட்டேன்" என்றேன். "ஏறுங்க, வண்டி கிளம்புது."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினான். எதிர் சீட்டில் இடம் இல்லாததால் என் வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டான். காளஹஸ்தி தாண்டும் வரை அவர் நடுவில் உட்கார்ந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி, என்னடா கொடுத்தாய், என்னமே மாட்டேன் என்றாய் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவன் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அவர் கடைசியாகக் கண்ணை மூடுகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரிடம் மறைத்தது அது ஒன்றுதான்.